நீரில் இறங்கிய காமிரா

பழவேற்காடு ஏரிக்குப் பூநாரைகள் வரும் மாதங்களில், பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாகப் போகும் சாலையில் நீண்ட லென்ஸ்களுக்குப் பஞ்சமே இருக்காது. சிறகு விரித்த பூநாரை, விடியலில் ஒற்றைப் படகு, டச்சுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் செதுக்கிய எலும்புக்கூடு ஆகிய மூன்றையும் எத்தனையோ பேர் எடுத்துவிட்டார்கள். அழகான படங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களை அந்தப் படங்களில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஏரியில் வலை கட்டுவதற்குப் 'பாடு' என்றொரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை கட்டலாம் என்று மீனவ ஊர்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. இருளர்களுக்கு அந்த முறையில் இடமில்லை. வலையும் படகும் இல்லாதவர்களுக்கு மிஞ்சுவது கைகள்தான். ஏரியிலிருந்து தெற்கே இறங்கும் பக்கிங்காம் கால்வாய் எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றைச் சந்திக்கிறது. அனல் மின் நிலையச் சாம்பல் படிந்த அந்தக் கழிமுகத்திலும் இதே கைத்தொழில் நடக்கிறது. இந்த வாரம் நான் சொல்ல வந்த கலைஞர் காமிராவோடு போய் நின்றது அங்கேதான்.

எம். பழனிக்குமார். மதுரை மாவட்டம் அலங்காநல்லூர் பக்கத்திலுள்ள ஜவஹர்லால்புரத்துக்காரர். அம்மா மீன் விற்றவர். ஊர் உறங்கும் நேரத்தில் எழுந்து, மதுரை கரிமேடு மார்க்கெட்டில் சரக்கெடுத்து, விற்றுத் திரும்பும் அம்மாவைப் பார்த்து வளர்ந்த பிள்ளை. காமிரா கைக்கு வந்ததும் அவர் படமெடுக்கத் தொடங்கியது அம்மாவைத்தான். அங்கிருந்துதான் உழைக்கும் பெண்கள் அவருடைய படங்களின் நடுவில் வந்து நின்றார்கள் என்று நினைக்கிறேன். பிறகு ஒருநாளும் அவர்கள் ஓரத்துக்குப் போகவில்லை.

மனிதக் கழிவை மனிதரே அள்ளும் கொடுமை பற்றி திவ்யபாரதி இயக்கிய 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு (2017) ஒளிப்பதிவு பழனிக்குமார். சாக்கடைக் குழிக்குள் விஷவாயு தாக்கி இறந்தவர்களின் வீடுகளுக்குப் போனவர், அங்கே நின்ற குழந்தைகளையும் எடுத்தார். அவற்றை 'நானும் ஒரு குழந்தை' என்ற பெயரில் கண்காட்சியாக வைத்தார். 2019-இல் கிராமப்புற இந்தியாவுக்கான மக்கள் ஆவணக் காப்பகமான 'பாரி'யின் நல்கை கிடைத்தது. அதே ஆண்டு, ராமநாதபுரம் பாரதிநகரில் கடற்பாசி எடுக்கும் பெண்களைப் பற்றிய அவருடைய படக்கட்டுரை வந்தது. விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கிப் பாறையிலிருந்து பாசி பிய்க்கும் பெண்கள் அவர்கள்.

எண்ணூர்ப் பக்கத்தில் அவர் எடுத்தது எழுபது வயதைத் தாண்டிய ஓர் இருளர் அம்மாவை. அந்த அம்மாவின் வேலையைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். கால்வாயில் இறங்கி உட்கார்ந்துவிடுவார். இரண்டு கையும் தண்ணீருக்கடியில் தடவிக்கொண்டே போகும். பிடித்த இறாலைப் போடக் கூடை வேண்டுமே, அதைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது. அதனால் கூடையின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொள்வார். மணிக்கணக்காக அப்படியே நகர்வார். சிப்பி ஓடுகள் கையைக் கிழித்துக்கொண்டே இருக்கும். உப்புத் தண்ணீர் அந்தக் காயத்தை ஆறவிடாது.

இதைக் கரையில் நின்று எடுத்தால் தலை மட்டும் மிதக்கும் ஒரு புள்ளிதான் கிடைக்கும். கூடையைக் கடித்த பல்லின் இறுக்கத்தைப் பார்க்க, காமிரா நீர்மட்டத்துக்கு இறங்கியாக வேண்டும். கலைப் புகைப்படம், ஆவணப் புகைப்படம் என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறவர்களிடம் நான் கேட்க நினைப்பது ஒன்றுதான்: எந்த உயரத்திலிருந்து பார்ப்பது என்பதைவிடப் பெரிய கலைத் தீர்மானம் ஒரு புகைப்படக்காரருக்கு வேறென்ன இருக்கிறது? ஏழ்மையை அழகுபடுத்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டு இந்தத் துறையில் பழையது, பல இடங்களில் நியாயமானதும்கூட. பழனிக்குமாரின் படங்களில் நான் பார்ப்பது பரிதாபத்தை அல்ல, தொழில் நுணுக்கத்தை. கை எங்கே இருக்கிறது, உடல் எப்படிச் சாய்கிறது, கூலிக்கு ஈடாக உடலின் எந்தப் பாகம் தேய்கிறது என்று அவை சொல்கின்றன.

2022-இல், புகைப்படக் கலைக்கான ஹாசல்பிளாட் விருது பெற்ற அதே ஆண்டில், தயானிதா சிங் 'பாரி'யோடு சேர்ந்து ஆவணப் புகைப்படத்துக்கான விருதொன்றை ஏற்படுத்தினார். புத்தகங்களையும் மரச்சட்டங்களையுமே அருங்காட்சியகமாக மாற்றிய கலைஞர் அவர். முதல் விருது பழனிக்குமாருக்கு. கலைக்கூடத்தின் உச்சியில் இருப்பவர் கால்வாய்ச் சேற்றில் நின்றவரைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது, பழனிக்குமார் காமிராவைக் கைமாற்றிக் கொடுப்பது. வடசென்னைக் குழந்தைகளுக்கும் நாகப்பட்டினத்து மீனவப் பெண்களுக்கும் படமெடுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். மீன் காயவைக்கும் பெண்ணே அந்தக் களத்தைப் படமெடுக்கும்போது, வெளியாளுக்கு அகப்படாத சங்கதிகள் அதில் வந்துவிடும். யார் யாரோடு பேசுவதில்லை, எந்த மூட்டையைத் தூக்க இருவர் வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும்.

எனக்கு ஓர் ஆசை உண்டு. ஏரிக்கரைப் படங்களைச் சென்னையின் குளிரூட்டிய கூடங்களில் காட்டட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. திருப்பாலைவனம் கடைத்தெருவிலும் பழவேற்காடு மீன் மார்க்கெட்டிலும்கூட ஒரு வாரம் மாட்டிவைக்க வேண்டும். இருளர் பிள்ளைகளுக்கு ஒரு காமிராவும் அங்கே இருக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவு ஆகாது. உள்ளூர்ப் பள்ளியும் ஊராட்சியும் மனம் வைத்தால் அடுத்த பூநாரைப் பருவத்திலேயே செய்துவிடலாம்.

(தொடரும்)