ஊதினால்தான் மரியோ ஓடுவானா? 90ஸ் கிட்ஸ் நம்பிய வீடியோ கேம் வைத்தியம்!

கோடை விடுமுறை மதியம். டி.வி-யில் மரியோவுக்குப் பதில் கட்டம் கட்டமாகக் கோடுகள். உடனே கேசட்டைக் கழற்றி, அடியில் 'உஃப்' என்று ஊதிச் செருகினால் கேம் ஓடும். ராயபுரம் முதல் காட்டுப்பள்ளி வரை 90ஸ் கிட்ஸுக்குத் தெரிந்த வைத்தியம் இது.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983-ல் 'ஃபேமிகாம்' கருவியை வெளியிட்டது. நம் வீடுகளுக்கு அதிகம் வந்தவை அதன் மலிவு நகல்கள். சென்னைத் துறைமுகம் அருகே, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கடை போட்ட பர்மா பஜார், இதுபோன்ற வெளிநாட்டு எலெக்ட்ரானிக் பொருள்களுக்குப் பேர்போனது. கேசட்டில் '9999999 இன் 1' என்றிருக்கும். உள்ளே சில கேம்களே திரும்பத் திரும்ப வரும்!

ஊதியதால்தான் கேம் ஓடியதா? இல்லை. கேசட்டின் உலோகத் தகடுகளும் கருவியின் பின்களும் சரியாகத் தொடாததுதான் கோளாறு. கழற்றிச் செருகியதிலேயே அது சரியானது. ஊதும்போது பட்ட ஈரமோ தகடுகளை அரித்தது. கடலோர உப்புக் காற்றும் அதற்குத் துணைபோகும். ஊத வேண்டாம் என்று நின்டெண்டோவே அறிவுறுத்தியது.

வாத்து சுடும் துப்பாக்கி நினைவிருக்கிறதா? விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடிக்கும் குறைவாகக் கறுத்து, வாத்து இருக்கும் இடம் மட்டும் வெள்ளையாகும். அந்த வெளிச்சத்தைத் துப்பாக்கி 'பார்த்தால்' வாத்து விழும். எல்.இ.டி டி.வி-யில் படம் சற்றே தாமதமாக வருவதால், குறி தப்பாவிட்டாலும் வாத்து விழாது.

பரணில் பழைய கேசட் இருந்தால், ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்து, காய்ந்ததும் செருகிப் பாருங்கள். டியூப் டி.வி-யைக் காயலான் கடைக்குப் போடும் முன் யோசியுங்கள். வாத்து அதில்தான் விழும்!