ஷிங்கிள்: கூரையும் கச்சையும்

ஆங்கில நாவல்கள் படிக்கும்போது ‘ஷிங்கிள்’ என்ற சொல் என்னை ரொம்ப நாள் குழப்பியிருக்கிறது. கூரையில் ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறியிருக்கும்படி அடிக்கிற மெல்லிய மரத்துண்டுதான் அது. மூலம், லத்தீன் ‘ஸ்கிண்டுலா’.

அமெரிக்காவில் ஒரு வக்கீல் ‘ஷிங்கிளைத் தொங்கவிட்டார்’ என்றால் கூரை வேயவில்லை. பெயர்ப்பலகை மாட்டித் தொழில் ஆரம்பித்துவிட்டார். 1920களில் பெண்கள் பிடரியை ஒட்ட வெட்டிக்கொண்ட முடியலங்காரமும் ஷிங்கிள்தான்.

அப்போ ‘ஷிங்கிள்ஸ்’ என்கிற நோய்? கொப்புளங்கள் கூரை வேய்ந்த மாதிரி அடுக்கடுக்காக வருவதால் வந்த பெயர் என்றே நினைத்திருந்தேன். தப்பு! அது வேறு சொல். லத்தீன் ‘சிங்குலும்’, அதாவது இடுப்புக் கச்சை. மருத்துவப் பெயரில் வரும் ‘சோஸ்டர்’ என்பதற்கும் கிரேக்கத்தில் கச்சை என்றே பொருள். நம்மூரில் அக்கி என்பார்கள். சின்னம்மை வைரஸ் நரம்புக்குள் ஒளிந்திருந்து, பல வருஷம் கழித்துக் கச்சை கட்டினாற்போலக் கிளம்புகிறது.

பெயரே அடையாளமும் சொல்லிவிடுகிறது. உடம்பின் ஒரே பக்கத்தில் பட்டையாக எரிச்சலும் கொப்புளமும் வந்தால், காவியால் அக்கி எழுதிவிட்டுக் காத்திருக்காதீர்கள். டாக்டரிடம் போய் 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்தைத் தொடங்கினால் பலன் அதிகம்.