பூனைக்கு இன்சுலின்: அளந்து கொடுத்தலும் அறிந்து கொடுத்தலும்

நீரிழிவு என்றதும் நம் வீடுகளிலுள்ள முதியோரின் நினைவே முதலில் எழும். சலரோகம் என்றும், பேச்சு வழக்கிற் சீனி வருத்தம் என்றும் நாம் கூறும் இந்நோய் வீட்டுப் பூனையையும் பற்றும் என்றால் நகைப்போரும் உளர். ஆயினும் இது நகைத்தற்குரிய செய்தியன்று. களனியாற்றங்கரை தொடங்கிக் கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை ஈறாக, முற்றமற்ற மாடி வீடுகளில் வாழும் குடும்பங்கள் பல. அங்கு வளரும் பூனைக்கு எலி பிடிக்க வேலையில்லை, மதிலேற வழியுமில்லை. உண்பதும் உறங்குவதுமே அதன் தொழில். உடல் பருத்த, வயது முதிர்ந்த, நலந்தட்டப்பட்ட கடுவன் பூனைகளையே நீரிழிவு பெரிதும் நாடுகின்றது.

நோயின் அறிகுறிகள் மனிதரிற் காண்பனவே. பூனை அடிக்கடி நீர் குடிக்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். வழமையிலும் மிகுதியாக உண்டும் மெலியும். நோய் முற்றின், பின்னங்காற் குதி நிலத்திற் பட நடக்கும். பழைய இந்திய மருத்துவ நூலார் இந்நோய்க்கு மதுமேகம் எனப் பெயரிட்டனர். நோயாளியின் சிறுநீரை எறும்பு மொய்ப்பதையும் அவர்கள் கண்டிருந்தனர். பூனை கழிக்கும் மணற்றட்டை எறும்பு மொய்க்கக் கண்டால், இல்லத்தரசிகள் அதனை அற்பமென ஒதுக்காது மிருக வைத்தியரிடம் கூறுதல் நன்று.

நாய் தந்த மருந்து

இன்சுலின் வந்த வரலாற்றை மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். 1921 ஆம் ஆண்டு கனடாவின் ரொறன்ரோ நகரிற் பன்ரிங், பெஸ்ற் என்னும் இருவர், கணையம் நீக்கப்பட்ட நாய்களுக்குக் கணையச் சாற்றைச் செலுத்திச் சோதனைகள் செய்தனர். அந்நாய்களுள் மார்ஜரி என்பது பெயர் பெற்றது. 1922 சனவரியில் லெனாட் தொம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அச்சாறு முதன்முதலாக ஊசி மூலம் செலுத்தப்பட்டது. 1923 இல், கண்டுபிடிப்பின் உரிமையைப் பன்ரிங், பெஸ்ற், கொலிப் ஆகிய மூவரும் ஆளுக்கொரு டொலருக்கே ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு விற்றனர். விலங்கின் உயிரைக் கொண்டு மனிதன் பெற்ற மருந்து, இன்று விலங்குக்கும் திரும்பிச் செல்கின்றது.

இன்சுலின் 51 அமினோ அமிலங்களாலான ஒரு புரதம். பூனையின் இன்சுலினுக்கும் மாட்டின் இன்சுலினுக்கும் இடையே அவற்றுள் ஒன்றே வேறு. மனிதனுடையதற்கும் பூனையினுடையதற்கும் நான்கு வேறு. ஆகவேதான் மனிதருக்கெனச் செய்யப்பட்ட கிளாஜின் முதலிய இன்சுலின்களும் பூனைக்குப் பயன்படுகின்றன. ஆயினும், பாட்டியாரின் மருந்திலிருந்து பூனைக்குச் சிறிது எடுத்துக்கொள்ளலாம் என எவரும் எண்ணற்க. இன்சுலினில் வகைகள் பல. ஒன்று விரைந்து வேலை செய்யும், மற்றொன்று மெல்ல வேலை செய்யும். அன்றியும், அரசாங்க வைத்தியசாலையில் நோயாளிக்கு இலவசமாக வழங்கப்படும் மருந்து அந்நோயாளிக்கே உரியது. 2022 இல் நம் நாட்டில் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது, ஒரு குப்பி மருந்தின் அருமையை நாம் யாவரும் உணர்ந்தோம். பூனைக்கு வேண்டிய மருந்தைப் பூனைக்கென்றே வாங்கும் வசதி உண்டா என்பதைக் குடும்பத்தார் முதலிலேயே கூடிப் பேசித் துணிதல் வேண்டும்.

ஊசிக்குழலிலுள்ள கணக்கு

பொதுவாக வைத்தியர்கள் பூனைக்கு 12 மணிக்கு ஒரு முறை, ஓர் அலகு அல்லது அதனை அடுத்த சிற்றளவிலேயே தொடங்குவர். இவ்வளவு சிறிய அளவிற் பிழை நேர்ந்தால் அது பெரும் பிழையாகும். இன்சுலின் குப்பிகளில் ஒரு மில்லிலீற்றருக்கு 40 அலகு கொண்டனவும், 100 அலகு கொண்டனவும் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் உரிய ஊசிக்குழல் வேறு. 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலில் ஒரு கோடு வரை எடுத்தால், உட்செல்வது ஓர் அலகன்று, இரண்டரை அலகு. மாறாக, 40 அலகு மருந்தை 100 அலகுக் குழலில் ஒரு கோடு வரை எடுத்தால், அரை அலகுகூட உட்செல்லாது. குப்பியிலுள்ள எண்ணும் குழலிலுள்ள எண்ணும் ஒன்றாதலை ஒவ்வொரு முறை வாங்கும்போதும் பார்த்தல் வேண்டும். பாமசியில் மாற்றுக் குழல் தந்தால் ஏற்கலாகாது. அரை அலகுக் கோடுள்ள சிறு குழல் கிடைப்பின் மிக நன்று.

மருந்தைக் கலக்கும் முறை வகைக்கு வகை வேறுபடும். உடன் வரும் சீட்டில் உள்ளபடியே செய்க. திறவாத குப்பி 2 முதல் 8 பாகை வெப்பத்தில் இருத்தல் வேண்டும், உறையவும் விடலாகாது. 2022 இல் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்ட நாட்களில், இன்சுலின் வைத்திருந்தோர் பட்ட பாடு பெரிது. ஈரத்துணி சுற்றிய மண்பானை ஓரளவு குளிர்ச்சி தரும். கொழும்பின் ஈரக்காற்றில் அதனைப் பெரிதும் நம்புதற்கில்லை.

வைத்தியசாலையிற் பொய்யுரைக்கும் இரத்தம்

நலமுள்ள பூனையின் இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு ஏறத்தாழ 70 முதல் 150 மில்லிகிராம் குளுக்கோசு இருக்கும். சுமார் 270 ஐக் கடந்தால் அது சிறுநீரிற் கசியத் தொடங்கும். ஆனாற் கூடையில் அடைத்து முச்சக்கர வண்டியில் ஏற்றி, நாய்கள் குரைக்கும் கூடத்தில் இருத்தப்பட்ட பூனையின் இரத்தத்தை எடுத்துப் பாருங்கள். அச்சத்தினால் மாத்திரமே, நோயில்லாத பூனையிலும் அவ்வெண் 300 ஐத் தாண்டுதல் உண்டு. அந்த எண்ணைக் கொண்டு மருந்தைக் கூட்டினால் விளைவு யாதாகும்? வீட்டில் அமைதியாய் இருக்கும் பூனையின் மடியில் அம்மருந்து தேவைக்கு மேலாய் இறங்கும். ஆகவே வீட்டில் அளப்பதே மெய்யான அளவு.

அளக்கும் முறை கடினமானதன்று. பூனையின் காதை விரல்களாற் சிறிது நேரம் பிடித்துச் சூடாக்குக. காதின் ஓரத்தே ஓடும் நரம்புக்கும் விளிம்புக்கும் இடையே, பின்புறம் பஞ்சை வைத்து, ஊசி முனையால் மெல்லக் குத்துக. ஒரு துளி இரத்தம் போதும். பின்பு பஞ்சால் அழுத்தி, ஒரு துண்டு மீன் கொடுத்தால், சில நாட்களிற் பூனை தானே வந்து மடியில் அமரும். மனிதருக்குரிய அளவுமானியையும் பயன்படுத்தலாம்; ஆனால் அது பூனையின் அளவைச் சற்றுக் குறைத்துக் காட்டுவது வழமை. மனித இரத்தத்திலுள்ள குளுக்கோசிற் சுமார் 42 வீதம் செவ்வணுக்களில் உள்ளது. பூனையில் அது 7 வீதமே. எந்தக் கருவியாயினும், எப்போதும் அந்த ஒன்றையே பயன்படுத்தி, அதன் பெயரை வைத்தியருக்கு அறிவித்தல் வேண்டும்.

ஓர் எண்ணைக் கண்டு முடிவு கூறலாகாது. வைத்தியர் சொல்லும் நாளில், காலை ஊசி முதல் மாலை ஊசி வரை இரண்டு மணிக்கு ஒரு முறை அளந்து எழுதுக. எடுத்துக்காட்டாக, காலை 7 மணிக்கு 324, 9 மணிக்கு 252, 11 மணிக்கு 171, பகல் 1 மணிக்கு 126, 3 மணிக்கு 153, மாலை 5 மணிக்கு 234, 7 மணிக்கு 310 என வந்ததாகக் கொள்வோம். காலையில் 324 ஐ மாத்திரம் கண்டவர், மருந்து போதாது என்பார். பகல் 1 மணிக்கு வந்த 126 ஐக் கண்டவரோ, இன்னுங் கூட்டினால் ஆபத்து என அறிவார். அளவின் தாழ்நிலையே மருந்தின் எல்லையை வகுக்கின்றது. மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் வைத்தியரின் வேலை. அவருக்கு மெய்யான எண்களைக் கொடுப்பது நம் வேலை.

குணமாவதும் ஓர் ஆபத்தே

இனி நாம் கூறப்போவது மிக முக்கியமானது. மனிதரிற் பலர் வாழ்நாள் முழுவதும் இன்சுலின் எடுத்துக்கொள்வர். பூனையின் செய்தி வேறு. நோயை விரைவிற் கண்டு, மாப்பண்டத்தைக் குறைத்து, தக்க இன்சுலினை ஒழுங்காகக் கொடுத்தால், இளைத்துப்போன கணையம் மீண்டும் தொழில் செய்யத் தொடங்குவதுண்டு. சில வாரங்களிலோ மாதங்களிலோ ஊசியே வேண்டாத நிலையை எய்தும் பூனைகள் பல. இது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் உடலிலே சொந்த இன்சுலின் ஊறத் தொடங்கிய பின்னும் நாம் பழைய அளவையே குத்திக்கொண்டிருந்தால், நேற்று உயிர் காத்த மருந்து இன்று உயிர் கொல்லும். குணமாகும் பூனை அதனைச் சொல்லாது, அளவுமானி சொல்லும்.

உணவை மாற்றும்போதும் இவ்வாபத்து உண்டு. பூனை இயல்பாகவே ஊனுண்ணும் பிராணி. அதன் ஈரல் பெருந்தொகையான மாச்சத்தைக் கையாள அமைந்ததன்று. தோரீன் என்னும் இன்றியமையாப் பொருளும் அதற்கு ஊனிலிருந்தே கிடைக்கின்றது. சைவ வீடுகளிற் பாற்சோறும் தயிர்ச்சோறும் உண்டு வளரும் பூனைக்கு இது பொருந்தா உணவு. நம் நெறியை நாம் விடவேண்டியதில்லை. பூனைக்கு நம் நெறியை ஊட்டவும் வேண்டியதில்லை. வெளிப்புறத்தே தனிப்பாத்திரத்தில் மீனோ, பூனைக்கென விற்கும் உணவோ வைக்கலாம். ஆனாற் சோற்றை நிறுத்திய நாள் முதல் மருந்தின் தேவையும் குறையும். வைத்தியருக்கு அறிவியாது உணவை மாற்றலாகாது.

இரத்தத்தில் குளுக்கோசு 60 க்குக் கீழ் இறங்கின் பூனை தள்ளாடும், நடுங்கும், வலிப்பும் வரலாம். உடனே தேனையோ குளுக்கோசுக் கரைசலையோ விரலாற் தொட்டு ஈறிலே தடவி, வைத்தியரிடம் கொண்டுசெல்க. நினைவிழந்த பூனையின் வாயில் எதனையும் ஊற்றலாகாது. பூனை உண்ணாவிடினும், வாந்தியெடுப்பினும், ஊசி நேரத்தில் அளவு வழமையிலும் மிகக் குறைந்து காணப்படினும், வைத்தியரைக் கேளாது ஊசி குத்தலாகாது. அதற்காகப் பல நாள் ஊசியை விடுதலும் தகாது. அளவு உயர்ந்திருக்க உண்ணாது சோர்ந்து கிடக்கும் பூனையின் குருதியில் அமிலம் ஏறி அது இறக்கக்கூடும்.

நம் வீடுகளில் நேரக்கூடிய மற்றோர் இடரும் உண்டு. காலையில் தாயார் ஊசி குத்திவிட்டுக் கடைக்குச் செல்வார். அதனை அறியாத மகன், பள்ளிக்குச் செல்லுமுன் தானும் குத்திவிடுவான். இருவரும் அன்பினாற் செய்தது இரட்டை அளவாகும். ஆகையால் ஒரு கொப்பியை மருந்தோடு வையுங்கள். நாள், நேரம், உண்டது, அளவு, குத்தியவர் பெயர் ஆகியவற்றை அதில் எழுதுங்கள். குத்தினோமோ இல்லையோ என ஐயம் வரின், குத்தாது விடுக. ஒரு வேளை தவறுவதாற் பெருந்தீங்கில்லை. இருமுறை குத்துவதால் உண்டு.

புதிய வழிகளும் வந்துள்ளன. தோலில் ஒட்டிப் பதினான்கு நாள் வரை அளவைக் காட்டும் உணரிகளைச் சில வைத்தியர்கள் பூனைகளிலும் பயன்படுத்துகின்றனர். அமெரிக்காவில் 2022 இலும் 2023 இலும், பூனைக்கு வாய்வழி கொடுக்கும் நீரிழிவு மருந்துகள் இரண்டுக்கு அனுமதி வழங்கப்பட்டது. முன்னரே இன்சுலின் பெற்ற பூனைகளுக்கு அவை உரியனவல்ல. ஆதலின் பிறர் கூறக் கேட்டு மருந்தை மாற்றுதல் அறிவுடைமையன்று. இந்நாட்டு மிருக வைத்தியர்கள் பயிலும் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே மிருக வைத்தியசாலையும் உண்டு. களனியிலிருந்து கண்டி வீதி வழியே அது சுமார் 100 கிலோமீற்றர். அத்தனை தூரம் பூனையைக் கொண்டுசெல்ல இயலாதோர், அயலிலுள்ள மிருக வைத்தியரிடம் அந்தக் கொப்பியைக் கொண்டுசென்றாற் பாதி வேலை முடிந்தது என்றே கொள்ளலாம்.

வாயில்லாப் பிராணிக்கு இரங்குதல் நம்மவர்க்கு இயல்பு. அவ்விரக்கம் கண்ணீரோடு நில்லாது, காலை 7 மணிக்கும் மாலை 7 மணிக்கும் தவறாது எழுந்து வருதல் வேண்டும். பாட்டனாரின் அளவுமானியைக் கண்டு அஞ்சும் சிறுவர், பூனையின் காதில் ஒரு துளி எடுத்துக் கொப்பியில் எண்ணை எழுதப் பழகினால், வீட்டிலுள்ள முதியோரின் நோயையும் அறிவோடு நோக்கக் கற்றுக்கொள்வர்.