கயத்தாற்றுக்குப் பின்

கயத்தாறு என்ற மாத்திரத்தில் தமிழர் நெஞ்சில் தோன்றுவது தூக்குமரமேயாகும். 1799-ம் வருஷம் அக்டோபர் 16-ந் தேதி, பாளையக்காரர்களை வரவழைத்து, அவர்கள் கண்ணெதிரே வீரபாண்டிய கட்டபொம்மனை மேஜர் பானர்மன் அங்கு தூக்கிலிடச் செய்தான். இச்சரித்திரத்தைப் பாமர ஜனங்களின் உள்ளத்தில் பதிய வைத்த பெருமை, 1959-ல் பி. ஆர். பந்துலு இயக்கத்தில் வெளிவந்த திரைப்படத்துக்கே உரியது. சிவாஜி கணேசன் 1960-ல் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகராகப் பரிசு பெற்றதும் இப்படத்திற்காகவே. அவர் தம் சொந்தப் பொருளில் கயத்தாற்றில் நிலம் வாங்கி, கட்டபொம்மனுக்குச் சிலையும் எடுத்தார்.

இவ்வளவும் போற்றுதற்குரியதே. எனினும் ஒன்று கூறுவது நமது கடமையாகும். படம் தூக்குமரத்தோடு முடிகிறது. போராட்டமோ அங்கு முடியவில்லை.

பூசலின் வேர் நிலத்தில் இருந்தது. பாளையங்களின் கிஸ்தியை வசூலிக்கும் உரிமையை 1792 உடன்படிக்கையினால் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கும்பினியார் பெற்றனர். உழுது விளைவித்த குடிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்டாரில்லை. கட்டபொம்மன் மாண்ட பின்னர் கோட்டைகள் இடிக்கப்பட்டன; ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. இனி எதிர்ப்பவர் இல்லை என்று கும்பினியார் இறுமாந்திருந்தனர்.

நடந்தது வேறு. 1801 பிப்ரவரியில் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையினின்றும் தப்பி வந்தார். தரைமட்டமாகக் கிடந்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சனங்கள் சில தினங்களுக்குள் மீண்டும் எழுப்பி விட்டனர்! தூத்துக்குடியும் அவர்கள் வசமாயிற்று. மார்ச்சு மாத இறுதியில் தாக்கிய கும்பினிப் படை பெருஞ்சேதத்துடன் பின்வாங்கிற்று. மேலும் துருப்புகளும் பீரங்கிகளும் வந்து சேர்ந்த பிறகே, மே 24-ந் தேதி கோட்டை வீழ்ந்தது. எதிர்த்துப் போரிட்ட வெல்ஷ் என்னும் வெள்ளைத் தளபதியே ஊமைத்துரையின் பெருமையைத் தமது நூலில் வியந்து எழுதி வைத்தார். அதற்குப் பின்னும் போர் சிவகங்கைச் சீமையில் மருதிருவர் துணையோடு தொடர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மருதிருவரும், நவம்பரில் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டனர்.

மண் சுமந்து அக்கோட்டையை எழுப்பியவர் யாவர்? அவர்கள் பெயரைச் சரித்திரம் எழுதி வைக்கவில்லை. ஒரு தலைவன் தூக்கிலேறியபின் ஒரு ஜன சமூகம் அஞ்சி ஒடுங்காது மீண்டும் எழுந்ததென்றால், அந்த எழுச்சி தலைவனின் வீரத்துக்குச் சிறிதும் குறைந்ததன்று. தலைவனை மட்டும் துதித்து, உடன் நின்ற குடிகளை மறக்கும் தேசம், தன் பலம் எங்கிருக்கிறதென்பதையே மறந்துவிடும்.

ஆகவே, ஆண்டுதோறும் அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் மாலையிடும் அன்பர்கள் மே 24-ஐயும் நினைவு கூர வேண்டுமென விரும்புகிறோம். படமெடுக்கும் ஆற்றலுடையோர் பெயரில்லாத அக்குடிகளின் கதையை எடுக்க முன்வருவாராக. பாஞ்சாலங்குறிச்சி மண்ணுக்கு நாம் பட்டிருக்கும் கடன் அப்பொழுதுதான் தீரும்.