அறுவைச் சிகிச்சையும் நோயாளியின் பங்கும்

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. அதன் இறுதிக் குறளில் திருவள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர் என்பவை அந்நான்கு கூறுகள். இவ்வரிசையில் முதலிடம் பெறுபவர் நோயாளி. நோய் தீர வேண்டுமென்றால் அவருக்கும் செய்ய வேண்டிய பணி உண்டு என்பது இதனால் புலப்படுகிறது. இன்று ஒரு மாவட்ட மருத்துவமனையில் நடைபெறும் அறுவைச் சிகிச்சையைப் படிப்படியாகக் கவனித்தால், இக்கருத்தின் உண்மையை நாம் நன்கு உணரலாம்.

மருத்துவமனைக்குச் செல்லும் வழி

ஜொகூர் மாநிலத்தில் ஜொகூர் பாருவிலுள்ள சுல்தானா அமினா மருத்துவமனை, சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை ஆகியவற்றோடு குளுவாங், மூவார், பத்து பகாட், சிகாமட், கூலாய், பொந்தியான், கோத்தா திங்கி, மெர்சிங் முதலிய ஊர்களிலும் அரசு மருத்துவமனைகள் உள்ளன. சிறிய மாவட்ட மருத்துவமனையில் எல்லாத் துறை நிபுணர்களும் நிரந்தரமாகப் பணியாற்றுவதில்லை. ஆகவே, நோயின் தன்மைக்கேற்ப நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைப்பது வழக்கம்.

பெரும்பாலோரின் பயணம் அரசு சுகாதார கிளினிக்கில் தொடங்குகிறது. அங்கு மலேசியக் குடிமக்கள் 1 ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைக் காணலாம். குடலிறக்கம், பித்தப்பைக் கல் போன்றவை இருப்பதாகத் தெரிந்தால், மருத்துவர் பரிந்துரைக் கடிதம் தந்து மருத்துவமனை நிபுணரிடம் அனுப்புவார். மூன்றாம் வகுப்பு வார்டில் தங்குவதற்கு நாளொன்றுக்கு 3 ரிங்கிட் கட்டணம். செலவின் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. அதையும் செலுத்த இயலாதவர்கள் மருத்துவமனையின் சமூகப் பணிப் பிரிவை அணுகலாம்.

உடனடியாகச் செய்ய வேண்டிய அறுவைக்கும் நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கும் வேறுபாடு உண்டு. குடல்வால் வெடிக்கும் நிலையில் உள்ளவர் காத்திருக்க முடியாது. குடலிறக்கம் உள்ளவர் பெரும்பாலும் காத்திருக்கலாம். குறித்த நாளன்று சாலை விபத்தில் சிக்கியவர் ஒருவர் கொண்டுவரப்பட்டால், முன்பே நாள் குறித்தவரின் அறுவை ஒத்திவைக்கப்படலாம். இதைப் புறக்கணிப்பு என்று எண்ணக்கூடாது. உயிர் ஆபத்தில் இருப்பவருக்கு முதலிடம் தருவதே மருத்துவ முறை.

மறைக்காமல் சொல்லுதல்

அறுவைக்குச் சில நாள்களோ வாரங்களோ முன்னதாக நோயாளி பரிசோதனைக்கு அழைக்கப்படுவார். இரத்தப் பரிசோதனை நடைபெறும். தேவைப்பட்டால் இதயத் துடிப்பு வரைபடமும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுக்கப்படும். இவற்றைவிட முக்கியமானது நோயாளி தரும் பதில்கள். நீரிழிவு, இரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளனவா? எந்த மருந்தாவது ஒவ்வாதா? புகைபிடிக்கும், மது அருந்தும் பழக்கம் உண்டா? இவற்றிற்கு உண்மையான விடை தேவை.

நாட்டு மருந்தும் இதில் அடங்கும். "அது வெறும் மூலிகைதானே" என்று பலர் சொல்லாமல் விட்டுவிடுகின்றனர். ஆனால், ஜின்செங், கிங்கோ, அதிக அளவில் உண்ணும் பூண்டு மாத்திரை போன்றவை இரத்தம் உறைவதைப் பாதிக்கலாம். இரத்தத்தை இளக்கும் மாத்திரையையும் நீரிழிவு மாத்திரையையும் எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவரே முடிவு செய்வார். நாமாக நிறுத்துவதும் நாமாகத் தொடர்வதும் தீங்கானவை.

புரிந்தபின் கையொப்பம்

அறுவைக்கு முன்னர் நோயாளி ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். பதினெட்டு வயது நிறையாதவருக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையொப்பமிடுவர். அதற்கு முன்பு, என்ன செய்யப் போகிறார்கள், ஏன் செய்கிறார்கள், என்ன ஆபத்துகள் நேரலாம், வேறு வழி உண்டா என்பவற்றை மருத்துவர் விளக்க வேண்டும். கேள்வி கேட்பது நோயாளியின் உரிமை.

நம் சமூகத்தில் இங்கு ஒரு சிக்கல் எழுவதுண்டு. தோட்டப்புறத்தில் வாழ்ந்த முதியவர்கள் பலர் அன்றாடப் பேச்சுக்குரிய மலாய் அறிந்திருந்தாலும், மருத்துவச் சொற்கள் நிறைந்த விளக்கத்தை முழுமையாகப் புரிந்துகொள்வதில்லை. மருத்துவரின் மேல் கொண்ட மரியாதையால், புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவர். அப்போது மொழிபெயர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் உடன் வந்த பேரப்பிள்ளைக்கே வந்து சேரும்.

அவ்வாறு மொழிபெயர்ப்பவர் மூன்றை நினைவிற்கொள்ள வேண்டும். முதலாவது, சொன்னதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்ல வேண்டும். "பாட்டி பயந்துவிடுவார்" என்று ஆபத்துகளை மறைத்தால், அவர் கொடுக்கும் ஒப்புதல் முழுமையான ஒப்புதல் ஆகாது. இரண்டாவது, தமக்கே புரியாத சொல்லை ஊகித்துச் சொல்லாமல் மருத்துவரிடம் மீண்டும் கேட்க வேண்டும். மூன்றாவது, இது பெரிய பொறுப்பு. செய்தி கடினமானதாக இருந்தால், வீட்டுப் பெரியவரை அழைப்பதோ, தமிழ் பேசும் தாதி அல்லது மருத்துவர் உதவ முடியுமா என்று கேட்பதோ நன்று. கேட்டதைப் பாட்டியே தம் சொற்களில் திருப்பிச் சொன்னால், அவர் புரிந்துகொண்டார் என்பது உறுதியாகும்.

வெறும் வயிறு ஏன்?

அறுவைக்கு முன் தாதியர் 'புவாசா' என்று அறிவுறுத்துவர். இது சமய நோன்பன்று. வயிற்றைக் காலியாக வைத்திருக்கும் மருத்துவ முறை. பொதுவாக, இலேசான உணவை ஆறு மணி நேரத்திற்கு முன்பும் வெறும் தண்ணீரை இரண்டு மணி நேரத்திற்கு முன்பும் நிறுத்த வேண்டும். எண்ணெய் மிகுந்த உணவுக்கு இன்னும் கூடுதல் நேரம் தேவை. பால் கலந்த மைலோவும் தேநீரும் தண்ணீராகக் கருதப்படா. அவை உணவாகவே கொள்ளப்படும். மருத்துவமனை குறித்துத் தரும் நேரத்தையே பின்பற்ற வேண்டும்.

இதற்குக் காரணம் என்ன? விழித்திருக்கும்போது உணவு தவறி மூச்சுக்குழாய்க்குள் சென்றால் நமக்குப் புரை ஏறுகிறது, இருமி வெளியேற்றுகிறோம். முழு மயக்கத்தில் இந்தப் பாதுகாப்பு செயல்படாது. வயிற்றில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே, "ஒரு வாய் கோப்பிதானே" என்று பரிவோடு கொடுப்பது உதவியாகாது. தவறுதலாக உண்டுவிட்டாலும் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அறுவை தள்ளிப்போகும், ஆனால், உயிர் காக்கப்படும்.

அன்றைய தினம் நகைகள், செயற்கைப் பற்கள், கண்ணாடி வில்லைகள் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும். அறுவைக் கூடத்தில் மின்சாரத்தால் இயங்கும் கருவிகள் பயன்படுத்தப்படுவதால், உடலில் உள்ள உலோகம் தீக்காயத்தை ஏற்படுத்தக்கூடும். விரலில் பொருத்தும் கருவி இரத்தத்திலுள்ள ஆக்சிசன் அளவைக் காட்டுவதால், நகப்பூச்சையும் நீக்கச் சொல்வர். தாலியைக் கழற்றுவது சிலருக்கு மனக்கலக்கம் தரலாம். அதற்குப் பதிலாக மஞ்சள் கயிறு மட்டும் அணிய அனுமதி உண்டா என்று தாதியிடம் முன்கூட்டியே கேட்கலாம்.

ஒரே கேள்வி பலமுறை

"உங்கள் பெயர் என்ன? அடையாள அட்டை எண் என்ன? எந்தப் பக்கம் அறுவை?" வார்டில் கேட்ட இதே கேள்விகளை அறுவைக் கூடத்தின் வாசலிலும் உள்ளேயும் கேட்பர். கோப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்கிறார்களே என்று நோயாளிக்கு எரிச்சல் வரலாம். ஆனால், ஒரே வார்டில் இரண்டு லட்சுமிகள் இருப்பது அரிதன்று. தந்தை பெயருடன் முழுப் பெயரும் அடையாள எண்ணும் சேர்ந்தால்தான் ஒருவரை ஐயமின்றி அறிய முடியும். ஆகவே, தாதியர் பெயரைச் சொல்லி "நீங்கள்தானே?" என்று கேட்டாலும், "ஆமாம்" என்பதோடு நிறுத்தாமல் நம் பெயரை நாமே முழுமையாகச் சொல்வது சிறந்தது.

இந்தச் சரிபார்ப்புக்குப் பின்னால் உலகளாவிய முயற்சி ஒன்று உள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் 2008ஆம் ஆண்டில் அறுவைச் சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலை வெளியிட்டது. அதில் 19 குறிப்புகள் உள்ளன. மயக்க மருந்து கொடுக்கும் முன், தோலைக் கீறும் முன், கூடத்தைவிட்டு வெளியேறும் முன் என மூன்று கட்டங்களில் குழுவினர் ஒரு கணம் நின்று அவற்றைச் சரிபார்க்கின்றனர். நோயாளி யார், எந்த இடம், என்ன ஒவ்வாமை, பயன்படுத்திய பஞ்சும் கருவிகளும் எண்ணிக்கையில் சரியா என்பன அவற்றுள் சில.

டாக்டர் அத்துல் கவாண்டே தலைமையிலான குழு, புது டில்லி, மணிலா, லண்டன் உள்ளிட்ட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இப்பட்டியலைச் சோதித்தது. 2009இல் வெளியான முடிவின்படி, அறுவைக்குப் பிந்திய மரணம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 விழுக்காடாகக் குறைந்தது. கடும் சிக்கல்களும் 11 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகக் குறைந்தன. புதிய மருந்தோ விலையுயர்ந்த இயந்திரமோ இதைச் சாதிக்கவில்லை. கேட்க வேண்டியதைத் தவறாமல் கேட்டதே பெரும் மாற்றத்தைத் தந்தது. மலேசிய மருத்துவமனைகளிலும் இத்தகைய பட்டியல் பயன்படுத்தப்படுகிறது.

கண் விழித்த பின்

அறுவை முடிந்ததும் நோயாளி கண்காணிப்பு அறையில் சிறிது நேரம் வைக்கப்படுவார். தொண்டை வலி, குளிர் நடுக்கம், குமட்டல் ஆகியவை தோன்றலாம். இவை பெரும்பாலும் விரைவில் தணிந்துவிடும்.

தாதியர் வலியின் அளவைப் பூச்சியம் முதல் பத்து வரையிலான எண்ணால் கூறச் சொல்வர். உடல் வெப்பம், நாடித் துடிப்பு, மூச்சு, இரத்த அழுத்தம் ஆகியவற்றோடு வலியையும் ஐந்தாவது அளவீடாகக் கருதும் முறையை நம் சுகாதார அமைச்சு 2008ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுப்பதைப் பெருமையாகக் கருதும் பெரியவர்கள் நம்மிடையே உள்ளனர். வலி மிகுந்தால் ஆழ்ந்து மூச்சுவிட முடியாது. இருமிச் சளியை வெளியேற்றவும் முடியாது. அதனால் நுரையீரலில் தொற்று ஏற்படலாம். எட்டு என்றால் எட்டு என்றே சொல்ல வேண்டும்.

மருத்துவர் அனுமதித்தவுடன் எழுந்து நடப்பதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. அசையாமல் படுத்திருந்தால் கால் இரத்த நாளங்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு கூடுகிறது. "பாவம், படுத்திருக்கட்டும்" என்று தடுப்பதைவிட, கைத்தாங்கலாக நடக்க உதவுவதே உண்மையான பரிவாகும்.

வீடு திரும்பிய பின்

மருந்து, புண்ணைத் தூய்மையாகப் பேணும் முறை, மீண்டும் வர வேண்டிய நாள் ஆகியவற்றைக் கேட்டறிந்த பிறகே வீடு திரும்ப வேண்டும். முட்டையும் மீனும் கோழியும் புண்ணைக் கெடுக்கும் என்று சிலர் பத்தியம் காப்பர். உண்மையில், புண் ஆறுவதற்குப் புரதச்சத்து தேவை. மலேசியர்கள் பலர் விரும்பிக் கொடுக்கும் விரால் மீன் சூப்பும் புரதம் நிறைந்ததே. நீரிழிவு, சிறுநீரக நோய் உடையவர்கள் உணவியல் அதிகாரியின் ஆலோசனையைப் பெற வேண்டும்.

காய்ச்சல், புண்ணைச் சுற்றிச் சிவப்பு, சீழ், தையல் பிரிதல், கெண்டைக்கால் வீக்கம் ஆகியவை தோன்றினால் குறித்த நாள்வரை காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். திடீர் மூச்சுத் திணறல் ஏற்பட்டால் 999 எண்ணை அழைக்க வேண்டும்.

மருத்துவரின் திறமையும் மருந்தின் ஆற்றலும் நம் கையில் இல்லை. உண்மையைச் சொல்வதும், புரியாததைக் கேட்பதும், சொன்னதைக் கடைப்பிடிப்பதும் நம் கையில் உள்ளன. நோயாளி ஆற்ற வேண்டிய பங்கு அதுவே. அருகிலிருந்து கவனிப்பவரின் பங்கு நாளை நம்மில் எவருக்கும் வரலாம். இரு மொழி அறிந்த ஒரு மாணவர் தம் பாட்டியின் கட்டிலருகே நின்று ஒரு வாக்கியத்தைச் சரியாக மொழிபெயர்த்தால், அவரும் அச்சிகிச்சையில் பங்கேற்றவர் ஆவார்.