சிறுநீரக வியாதியும் சரும நமைச்சலும்

பயிர் நோய்களைப் பற்றிப் பேசும் இச்சஞ்சிகையில் மனிதர் நோயைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். களத்துமேட்டிலும் வரப்போரத்திலும் குடியானவர்கள் என்னிடம் காட்டும் சொறிந்த கைகளே இதற்குக் காரணம். உடம்பு நமைத்தால் பூச்சி மருந்தின் மீதோ பார்த்தீனியச் செடியின் மீதோ பழி போடுவது கிராமங்களில் வழக்கம். பெரும்பாலும் அப்பழி நியாயமானதே. சிற்சில சமயங்களில் மட்டும் குற்றவாளி வயலில் இல்லை. நம் விலாவெலும்பின் கீழ், முதுகுப்புறத்தே இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஐம்பது வயது கடந்த மிராசுதார் ஒருவர், இரவெல்லாம் முதுகும் கைகளும் நமைக்கின்றனவென்று என்னிடம் முறையிட்டார். சருமத்தில் சொறிந்த கீறல்களன்றித் தடிப்பு யாதொன்றும் காணோம். பார்த்தீனியத்தை வேரோடு களையுமாறு சொன்னவன் நானே. அவரும் ஆள் விட்டு நிலம் முழுவதும் களைந்தார். நமைச்சல் போகவில்லை. உஷ்ணமென்று எண்ணித் தம் தோப்பு இளநீரை நாள்தோறும் பருகினார். கால்வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினார். பாதம் வீங்கிய பின்னரே ஆஸ்பத்திரிக்குச் சென்றார். அதற்குள் சிறுநீரகங்கள் பெரும்பகுதி கெட்டு, இரத்தத்தை இயந்திரத்தால் சுத்தி செய்யும் டயாலிஸிஸ் தேவைப்படும் நிலைக்கு வந்துவிட்டார். அவருக்கு நெடுநாளாக நீரிழிவு உண்டென்பதை நான் கேட்டறியாதது என் பிழை.

சிறுநீரகங்கள் இரண்டும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, அதில் ஒன்றரை அல்லது இரண்டு லிட்டரை மட்டும் கழிவோடு வெளியேற்றுகின்றன. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இவற்றை மெல்ல மெல்லக் கெடுக்கும், வலி இராது. இவ்விரண்டும் இல்லாத குடியானவர்களிடத்தும் இவ்வியாதி மிகுந்திருப்பதை ஆந்திர தேசத்து உத்தானம் பகுதியிலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் கண்டிருக்கின்றனர். அதன் காரணம் இன்னும் தீர்மானமாகவில்லை.

நமைச்சல் பெரும்பாலும் வியாதி முற்றிய பிறகே தோன்றும். 12 நாடுகளில் டயாலிஸிஸ் செய்துகொள்ளும் 18,801 பேரை ஆராய்ந்து 2006-ல் வெளியிட்ட கணக்கின்படி, நூற்றுக்கு 42 பேர் நடுத்தரமான அல்லது கடுமையான நமைச்சலால் வருந்தினர். தூக்கமின்றி இவர்கள் படும் பாடு அற்பமன்று. காரணம் ஒன்றல்ல. வேர்வைச் சுரப்பிகளும் எண்ணெய்ச் சுரப்பிகளும் சுருங்குவதால் தோல் கோடைக் களர்போல வறண்டுபோகிறது. பாஸ்பரஸ் உப்பு இரத்தத்தில் மிகுகிறது. நரம்புகளும் நிலை குலைகின்றன. ஒவ்வாமைக்குக் கொடுக்கும் சாதாரண மாத்திரை தூக்கத்தை வருவிக்குமேயன்றி இந்நமைச்சலை அதிகம் தணிப்பதில்லை.

இதனைப் பிற நமைச்சல்களினின்றும் பிரித்தறிவது எங்ஙனம்? பார்த்தீனியத்தால் வருவது முகம், கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு ஆகிய இடங்களிற் சிவந்து தடிக்கும், வெயிலில் மிகும். சிரங்குப் பூச்சியால் வருவது விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் சிறு கொப்புளங்களை உண்டாக்கும். வீட்டில் மற்றவர்க்கும் தொற்றும். சிறுநீரக நமைச்சலோ முதலில் தடிப்பில்லாமல் உடம்பின் இருபுறமும் ஒத்துத் தோன்றி, இரவில் மிகும்; பிறருக்குத் தொற்றாது. சொறியச் சொறியத் தோல் தடித்து முடிச்சுகளும் புண்களும் உண்டாவது பின்விளைவு. கல்லீரல், தைராய்டு கோளாறுகளிலும் இவ்வாறு நமைப்பதுண்டாகையால், இதைக் கொண்டே சிறுநீரகம் கெட்டதென்று பயப்படுவதும் தகாது. சிறுநீரில் ஆல்புமினும் இரத்தத்தில் கிரியேட்டினினும் பார்த்தால் உண்மை வெளிப்படும்.

நிவாரணத்தில் முதலாவது, தோலின் வறட்சியைப் போக்குதல். வெந்நீரும் காரமான சோப்பும் விலக்கி, இளஞ்சூட்டு நீரில் குளித்து, ஈரம் காயுமுன் தேங்காயெண்ணெயோ வாசனையற்ற களிம்போ தடவ வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிப் பருத்தியாடை உடுத்துதல் நன்று. பாஸ்பரஸ் மிக்க குளிர்பானங்களையும் டப்பா உணவுகளையும் குறைத்து, வைத்தியர் கொடுக்கும் பாஸ்பரஸ் கட்டும் மாத்திரையை உணவோடு சேர்த்தே உட்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் விழுங்கினால் பயனில்லை. டயாலிஸிஸ் வேளையைப் பாதியில் நிறுத்துவோர்க்கு நமைச்சல் மிகக்கூடும். இவற்றாலும் அடங்காவிடில் காபாபென்டின் என்னும் மருந்தைச் சிறு அளவில் கொடுக்கின்றனர். அளவு மிகுந்தால் மயக்கம் தருமாதலால் அதைத் தாமாகக் கூட்டலாகாது. புற ஊதாக் கதிர் சிகிச்சையும் உண்டு. டைபெலிகெபாலின் என்ற ஊசி மருந்து 2021-ல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது.

இளநீரைப் பற்றி ஒரு வார்த்தை. தோப்புடையவர்கள் அதை அமிர்தமாக எண்ணுவது இயல்பே. யானும் அப்படியே எண்ணி வந்தவன். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. கெட்ட சிறுநீரகம் அதை வெளியேற்ற மாட்டாது. இரத்தத்தில் மிகுந்தால் இருதயத் துடிப்பே நின்றுபோகலாம். ஆதலால் இவ்வியாதியுடையோர் வைத்தியர் அனுமதியின்றி இளநீர் அருந்தலாகாது. வலி மாத்திரைகளும், உலோகம் கலந்த பற்பங்களும், கடையில் கேட்டு வாங்கும் ஸ்டிராய்டு களிம்புகளும் இவர்களுக்கு ஆகா.

கிராம அதிகாரிகள், தங்கள் ஊரில் நீரிழிவோ இரத்தக் கொதிப்போ உடைய எவரேனும் பல வாரம் ஓயாமல் நமைக்கிறதென்றோ, பாதம் வீங்குகிறதென்றோ, சிறுநீர் நுரைக்கிறதென்றோ சொல்லக் கேட்டால், அவரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பி மேற்சொன்ன இரண்டு பரிசோதனைகளையும் கேட்டுச் செய்துகொள்ளுமாறு கூறுதல் வேண்டும். தாலுகா ஆஸ்பத்திரிக்குச் செல்ல நேர்ந்தால், அதுவரை உட்கொண்ட மாத்திரைகளின் அட்டைகளையும் கையோடு கொண்டுபோகச் சொல்லவும்.