இடுப்பு வலிக்கு அசைவே மருந்து!

"இடுப்பு விட்டுப் போச்சு அக்கா!" இந்தப் பேச்சு காதில் விழாத நாளே எங்கள் ஊரில் கிடையாது. எங்கள் ஊர் கிளாவரை. கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி எல்லாம் தாண்டி வந்தால், கேரள எல்லையை ஒட்டிய கடைசி ஊர். வெள்ளைப்பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் விளைகிற பூமி. பூண்டு ஊன்றுவதும் குனிந்துதான், களை எடுப்பதும் குனிந்துதான், பிடுங்குவதும் குனிந்துதான். வீட்டுக்கு வந்தால் விறகு, தண்ணீர், பாத்திரம், பிள்ளை. இடுப்புதான் என்ன செய்யும், பாவம்!

மூன்று வருஷத்துக்கு முன் எனக்கும் வந்தது. அடுப்படியில் குனிந்து குடத்தை எடுத்தேன், அவ்வளவுதான், நிமிர முடியவில்லை. "பலகையில மல்லாந்து படு, அசையாதே" என்றார் எங்கள் அத்தை. பூண்டு எடுக்கிற பருவம். நான் படுத்தால் அடுப்பும் அணையும், கூலியும் போகும். டாக்டரம்மா காலைத் தூக்கிப் பார்த்து, உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்து, "பயப்படும்படி ஒண்ணுமில்லை. படுக்காதீங்க, நடங்க" என்றார். "வலிக்குதே அம்மா?" என்றேன். "வலிக்குதுன்னா உள்ளே கெட்டுப் போகுதுன்னு அர்த்தமில்லை" என்றார். அங்கேயே பிசியோதெரபிஸ்ட் பெண் சில பயிற்சிகளும் சொல்லிக் கொடுத்தாள். மூன்று மாதத்தில் மறுபடியும் வயலில் இறங்கிவிட்டேன்.

படுக்கையா, நடையா?

முன்பெல்லாம் டாக்டர்களே வாரக்கணக்கில் படுக்கச் சொல்வார்கள். 1986-ல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் 203 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பாதிப் பேரை 2 நாளும், மறு பாதியை 7 நாளும் படுக்கச் சொன்னார்கள். வலி தீர்ந்ததில் இரு சாராருக்கும் வித்தியாசமில்லை. ஆனால் 2 நாள் படுத்தவர்கள் வேலைக்குப் போகாமல் இருந்த நாட்கள் 45 சதவிகிதம் குறைவு. 1995-ல் ஃபின்லாந்தில் ஹெல்சிங்கி நகர ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், வலி தாங்குகிற அளவுக்குத் தங்கள் அன்றாட வேலையைச் செய்து வந்தவர்களே, படுத்தவர்களை விடச் சீக்கிரம் தேறினார்கள். 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும், நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியைச் சிபாரிசு செய்கிறது. இடுப்புப் பட்டையை வழக்கமான சிகிச்சையாக ஏற்கவில்லை.

வீட்டு வேலையே போதாதா?

"நாள் பூரா ஓடியாடறேனே, இதுக்கு மேல என்ன பயிற்சி?" என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. ஆனால் நம் வேலை பெரும்பாலும் ஒரே பக்கத்து வேலை. குனிவது, மறுபடி குனிவது. அதுவும் அவசரத்தில், பாரத்தோடு. பயிற்சி என்பது பாரமில்லாமல், நிதானமாக, எல்லாப் பக்கமும் அசைந்து கொடுப்பது.

நியூசிலாந்தில் ராபின் மெக்கென்ஸி என்ற பிசியோதெரபிஸ்ட் இருந்தார். 1956-ல் ஒரு நோயாளி, தலைப்பக்கம் உயர்த்தி வைத்திருந்த மேஜையில் தெரியாமல் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னால் வளைந்தபடி சில நிமிஷம் கிடந்தார். பதறி ஓடிவந்த மெக்கென்ஸியிடம், "வலி குறைஞ்சிருக்கு" என்றாராம்! அதிலிருந்து பிறந்ததுதான் கீழே சொல்லும் நான்காவது பயிற்சி.

செய்து பாருங்களேன்!

1. நடை: முதல் வாரம் 5 நிமிஷம் போதும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வாரம் 5 நாள், அரை மணி வரை கொண்டு வாருங்கள். மேடு பள்ளமான ஊரானால் முதலில் சமதளம், பிறகு சரிவு. 2024-ல் ஆஸ்திரேலியாவில், இடுப்பு வலி வந்து குணமான 701 பேரிடம் ஆய்வு செய்தார்கள். இப்படி நடந்தவர்களுக்கு மறுபடி வலி வர நடுவாக 208 நாள் ஆயிற்று. மற்றவர்களுக்கு 112 நாள்.

2. பாயில் அழுத்துதல்: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். வயிற்றை லேசாக உள்ளிழுத்து, இடுப்பைப் பாயோடு அழுத்தி 5 எண்ணி விடுங்கள். 10 தடவை. மூச்சை அடக்க வேண்டாம்.

3. பாலம்: அதே நிலையில் இடுப்பை மெதுவாக மேலே தூக்கி, 5 எண்ணி இறக்குங்கள். 5 தடவையில் ஆரம்பித்து 10 வரை போகலாம்.

4. குப்புறப் படுத்தல்: முதலில் 2 நிமிஷம் சும்மா படுங்கள். பிறகு முழங்கையை ஊன்றி நெஞ்சை மட்டும் உயர்த்துங்கள். வலி காலிலிருந்து இடுப்புப் பக்கம் ஒதுங்கினால் நல்ல அறிகுறி. காலுக்குள் இறங்கினால் உடனே நிறுத்திவிடுங்கள். எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. கர்ப்பிணிகள் இதைச் செய்ய வேண்டாம்.

செய்யும்போது கொஞ்சம் வலிப்பது சகஜம். மறுநாளைக்குள் அடங்கினால் அளவு சரி. அடங்காவிட்டால் அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள்.

இளம் தாய்மார்கள், அதிலும் ஆபரேஷன் மூலம் பிரசவித்தவர்கள், டாக்டர் சரி என்ற பிறகே ஆரம்பிக்கவும். குழந்தையைத் தூக்கும்போது முழங்காலை மடக்கி உட்கார்ந்து, மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்திருங்கள்.

இதில் அலட்சியம் கூடாது!

கால் பலமிழந்தாலோ, தொடையிடுக்கு மரத்துப் போனாலோ, சிறுநீர் மலம் கட்டுப்படாமல் போனாலோ பயிற்சி வேண்டாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி. காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் உடம்பு இளைத்தல், கீழே விழுந்த பின் வந்த வலி, முன்பு புற்றுநோய் இருந்தவர்களுக்கு வரும் வலி, இவற்றையும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

பிசியோதெரபிக்கு எங்கே போவது என்று மலைக்காதீர்கள். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்வதும் சேர்க்கப்பட்டது. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

மருந்துக்குக் காசு தேட வேண்டியதில்லை. நேரம் தேடுவதுதான் கஷ்டம். அதனால் வீட்டு ஆண்களுக்கும் அத்தைமார்களுக்கும் ஒரு வார்த்தை: வீட்டுப் பெண் அரை மணி நடந்துவிட்டு வரட்டும். அதுவரை அடுப்பில் பாலை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பொங்கினால் பொங்கட்டும், துடைத்துக்கொள்ளலாம்!